பழைய ஜெர்மன் கெம்புக் கண்ணாடி: பூணைப் படிக்கக் கற்றுக்கொள்ளும் வழி

பழைய சிவப்புக் கண்ணாடிப் பாத்திரங்களைச் சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் நிறத்தைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். மயங்கத்தக்க நிறம்தான். ஆனால் ஒரு ஜெர்மன் கெம்புக் கண்ணாடிக் குவளை எந்தக் காலத்தது, எந்த ஊரில் முழுமையானது, இடையில் அதற்கு என்ன நடந்தது என்பதையெல்லாம் நிறத்தைவிட அதன் உலோகப் பூண் தெளிவாகச் சொல்லிவிடும். வாய் விளிம்பைச் சுற்றிய வளையம், அடியில் பொருத்திய பாதம், கீல் வைத்த மூடி, மூடிமேல் இருக்கும் குமிழ், கைப்பிடி எல்லாவற்றையும் சேர்த்தே இங்கே பூண் என்கிறேன்.

பார்க்கப் போகும்போது ஒரு நல்ல பூதக்கண்ணாடி, ஒரு சிறிய டார்ச், ஒரு வெள்ளைத் தாள் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவே போதும்.

முதலில், இதற்கு ஏன் வெள்ளிப் பூண் போட்டார்கள்?

தங்கத்தை ராஜ திராவகத்தில் கரைத்து, அந்தக் கரைசலைக் கண்ணாடிக் கலவையில் சேர்த்து உருக்கினால் உடனே சிவப்பு வந்துவிடாது. மூசையிலிருந்து எடுக்கும்போது கண்ணாடி நிறமற்றோ, லேசான மஞ்சளாகவோ இருக்கும். ஆறிய பிறகு மறுபடி அளவாகச் சூடேற்றும்போதுதான் உள்ளே கரைந்திருக்கும் தங்கம் நுண்துகள்களாகத் திரளும். அந்தத் துகள்கள் பச்சை ஒளியை விழுங்கிவிட, நமக்குச் சிவப்பு தெரிகிறது. சூடு போதாவிட்டால் நிறம் பிறக்காது. மிஞ்சிப்போனால் துகள்கள் பெருத்து, கண்ணாடி கலங்கிப் பழுப்படித்து ஈரல் நிறமாகிவிடும். இந்த அளவைக் கண்ணால் பார்த்தும் அனுபவத்தாலும்தான் அன்றைய கைவினைஞர்கள் பிடித்தார்கள். மிக நுண்ணிய தங்கத் துகள்தான் இந்தச் சிவப்புக்குக் காரணம் என்று மைக்கேல் ஃபாரடே விளக்கியது 1857இல்தான். அதே துறையில் ஆழமாக உழைத்த ரிச்சர்ட் ஜிக்மான்டிக்கு 1925ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் நல்ல கெம்புக் கண்ணாடியை 17ஆம் நூற்றாண்டிலேயே செய்துவிட்டார்கள். பிராண்டன்பர்க்கை ஆண்ட ஃபிரெட்ரிக் வில்ஹெல்மிடம் வேலை பார்த்த ரசவாதி யோஹான் குங்கெல் போட்ஸ்டாமில் இதைத் தொடர்ந்து, நம்பகமாகச் செய்து காட்டினார். 1679இல் கண்ணாடித் தொழில் பற்றி அவர் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அதிலும் இந்த ரகசியத்தைத் திறந்து சொல்லவில்லை. 1685இல் பெர்லினுக்கும் போட்ஸ்டாமுக்கும் இடையே ஹாஃபெல் ஆற்றில் இருக்கும் ஒரு தீவே அவருக்குக் கிடைத்தது. இன்று அதற்குப் பெயர் மயில் தீவு. 1688இல் அந்த அரசர் இறந்தார், அடுத்த ஆண்டு தீவின் ஆய்வுக்கூடம் தீக்கிரையானது, குங்கெல் பிறகு சுவீடனுக்குப் போய்ச் சேர்ந்தார். இதற்கிடையே தெற்கு ஜெர்மனியிலும் கெம்புக் கண்ணாடி உருவாகத் தொடங்கிவிட்டது.

தங்கத்திலிருந்து பிறந்த சிவப்பு என்றால் ரசவாதிகளுக்கு அது சாதாரணமான நிறமில்லை. அரண்மனைகளும் இந்தக் கண்ணாடியை ரத்தினம், அகேட், சங்கு, யானைத் தந்தம் ஆகியவற்றோடு அரும்பொருள் அறைகளில் வைத்தன. ரத்தினத்துக்கு என்ன மரியாதையோ அதே மரியாதையோடு பொற்கொல்லர்கள் இதற்கு முலாம் பூசிய வெள்ளியில் பூண் கட்டினார்கள். தெற்கு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரம் இந்த வேலையில் முன்னணியில் நின்றது. அங்கே டோபியாஸ் பாவர் என்ற பொற்கொல்லர் பூண் கட்டிய கெம்புக் கண்ணாடிகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. தேநீர், காபி, சாக்லேட் மூன்றும் ஐரோப்பியச் செல்வர்களுக்குப் புதிதாக அறிமுகமான காலம் அது. அதனால் கெம்புக் கண்ணாடியில் தேநீர்க் கெண்டிகள்கூட உண்டு. பெட்டிக்குள் அடுக்கி எடுத்துச் செல்லும் பயணத் தொகுப்புகளிலும் இந்தக் கண்ணாடி இடம்பிடித்தது.

இதைத் தெரிந்துகொண்டால் ஒன்று விளங்கும். பூணைப் பின்னால் சேர்த்த அலங்காரமாகப் பார்க்கக் கூடாது. அந்தக் காலத்தில் கண்ணாடியும் பூணும் சேர்ந்ததுதான் ஒரு முழுப் பொருள். ஆகவே இரண்டையும் தனித்தனியாகச் சோதித்துவிட்டு, அவை ஒன்றுக்கொன்று உரியவையா என்று கேட்பதே புதியவர் பழக வேண்டிய முறை.

படி 1: தூக்குவதற்கு முன்

மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள். மூடியின் குமிழையோ கைப்பிடியையோ பிடித்துத் தூக்கவே கூடாது. ஒரு கை அடியில், மறு கை உடலைச் சுற்றி. மூடி தனியாக வருமா, கீலில் மாட்டியிருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டபிறகே தொடுங்கள். கீல் மூடியைத் திறந்தால் ஒரு விரலால் தாங்கிப் பிடியுங்கள். தடால் என்று பின்னால் சாய்ந்தால் கீல் இழுத்து, விளிம்பில் கண்ணாடி தெறித்துவிடும்.

படி 2: எந்தச் சிவப்பு?

வெள்ளைத் தாளைப் பின்னால் வைத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடைகளின் மஞ்சள் விளக்கு எல்லாச் சிவப்பையும் அழகாகக் காட்டும், அதை நம்ப வேண்டாம். இணையத்தில் போடும் படங்களும் அப்படித்தான்.

தங்கச் சிவப்பில் ஒரு நீலச் சாயல் இருக்கும். கண்ணாடி மெலிந்த இடத்தில் ரோஜா நிறமாகவும், தடித்த இடத்தில் ஆழ்ந்த ஊதாச் சிவப்பாகவும் மாறும். செம்பினால் வரும் சிவப்பு பழுப்பையோ ஆரஞ்சையோ நோக்கிச் சாயும். செலீனியம் சேர்த்த சிவப்பு 1890களுக்குப் பிறகு வந்தது. அது தீப்பொறி போன்ற பளீர் ஆரஞ்சுச் சிவப்பு. 1700 என்று சொல்லி விற்கும் குவளையில் அந்தப் பளீர் நிறத்தைக் கண்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

நிறம் மட்டும் தீர்ப்பாகாது. இரண்டு பழைய தங்கச் சிவப்புக் குவளைகள்கூட ஒன்றுபோல் இருக்காது, ஒரே குவளையில் மேலும் கீழும் நிறம் வேறுபடுவதும் உண்டு. அதனால் அடுத்த படி முக்கியம்.

படி 3: உடல் முழுக்கச் சிவப்பா, மேல்தோல் மட்டுமா?

வாய் விளிம்பையும் அடிப்பாகத்தையும் பூதக்கண்ணாடியால் பாருங்கள். மூன்று விதமாக இருக்கலாம்.

கண்ணாடி முழு ஆழத்துக்கும் சிவப்பாக இருந்தால் அது உடல் முழுக்க நிறமூட்டியது. 17, 18ஆம் நூற்றாண்டுகளின் கெம்புக் கண்ணாடி பெரும்பாலும் இந்த வகை. தடித்த சுவர், சக்கரத்தில் பட்டை தீட்டிய பரப்பு, சில நேரம் செதுக்கிய உருவங்கள்.

நிறமற்ற கண்ணாடியின்மேல் ஒரு சிவப்பு அடுக்கு தெரிந்தால் அது மேலடுக்குக் கண்ணாடி. மேலடுக்கை வெட்டி வெட்டி ஜன்னல் போன்ற தெளிந்த வட்டங்களை உண்டாக்குவது 19ஆம் நூற்றாண்டு பொஹீமிய (இன்றைய செக் நாட்டுப் பகுதி), ஜெர்மன் பட்டறைகளுக்கு மிகவும் பிடித்த வேலை. வெட்டின் ஓரத்தில் இரண்டு நிறங்களும் சந்திக்கும் கோடு துல்லியமாகத் தெரியும்.

மூன்றாவது சாயமேற்றிய கண்ணாடி. வடக்கு பொஹீமியாவின் ஹைடாவைச் சேர்ந்த ஃபிரெட்ரிக் எகெர்மன் 1830களில் செம்பைக் கொண்டு இந்தச் சிவப்புச் சாயத்தை உருவாக்கினார். அந்த ஊரின் இன்றைய பெயர் நோவி போர். சாயம் தோலளவுதான் இருக்கும். ஆகவே மான், காடு, ஊர்க் காட்சி என்று செதுக்கிய கோடுகளெல்லாம் வெள்ளையாகத் தெரியும், ஆழமான கீறலிலும் நிறம் போயிருக்கும். கார்ல்ஸ்பாத், மரியன்பாத் போன்ற நீரூற்று நகரங்களுக்குச் சிகிச்சைக்குப் போனவர்கள் நினைவுப் பொருளாக வாங்கி வந்தவை இந்த வகையில் ஏராளம். இவற்றை மட்டம் என்று ஒதுக்காதீர்கள். செதுக்கல் நல்ல கையால் ஆனது என்றால் மிக அழகானவை. தங்கம் கலந்த 17ஆம் நூற்றாண்டுக் கண்ணாடியின் விலைக்கு இதை விற்றால் மட்டுமே தவறு.

படி 4: பூண் என்ன உலோகம்?

பியூட்டர் என்னும் வெள்ளீயக் கலவை சாம்பல் நிறமாக, மென்மையாக இருக்கும். வெள்ளியைப்போல் கறுக்காது, முனைகள் மழுங்கியிருக்கும். பீர்க் குவளைகளின் கீல் மூடி பெரும்பாலும் இதுவே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக் குவளைகளில் பியூட்டர் வளையத்துக்குள் சிவப்புக் கண்ணாடி வில்லை ஒன்றைப் பதித்து மூடி செய்திருப்பார்கள். வில்லையின் சிவப்பும் உடலின் சிவப்பும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் வேறு குவளையிலிருந்து வந்த மூடியாக இருக்கலாம்.

முலாம் பூசிய வெள்ளி என்றால் முலாம் எப்படிப் பூசப்பட்டது என்பது அடுத்த கேள்வி. பழைய முறையில் தங்கத்தைப் பாதரசத்தில் குழைத்துப் பூசி, சுட்டுப் பாதரசத்தை ஆவியாக்குவார்கள். அந்த முலாம் தடிப்பாக, இதமான மஞ்சளாக இருக்கும், பிதுங்கிய இடங்களில் தேய்ந்து வெள்ளி எட்டிப்பார்க்கும். கண்ணில் படாத உட்புறத்தை முலாம் பூசாமல் விட்டிருப்பதும் உண்டு. 1840களில் பரவிய மின்முலாம் எல்லா இடத்திலும் ஒரே சீராக, மெல்லியதாகப் படியும். உள்மூலை, அடிப்புறம் எல்லாம் ஒரே மஞ்சள் என்றால் மின்முலாமாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய பூணுக்குப் பின்னாளில் மின்முலாம் போட்டிருக்கவும் கூடும், அதனால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

மின்முலாம் பூசிய மலிவான உலோகப் பூண்களும் உண்டு. 1880இல் கைஸ்லிங்கனில் இரண்டு நிறுவனங்கள் இணைந்து உருவான டபிள்யூஎம்எஃப் இந்த வகையில் கண்ணாடிச் சாடிகளையும் கிண்ணங்களையும் பெருமளவில் விற்றது. தேய்ந்த மூலைகளில் அடியில் இருக்கும் உலோகம் தெரியும்.

படி 5: கண்ணாடியும் பூணும் சேரும் இடம்

நேரம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் மற்ற படிகளை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள். ஏமாற்றும் இங்கேதான் ஒளிந்திருக்கும், நேர்மையான வயதும் இங்கேதான் தெரியும்.

ஊதிச் செய்த கண்ணாடியின் வாய் அச்சு வட்டமாக இருக்காது. அந்தக் கண்ணாடிக்கென்றே கட்டிய பூண் அந்தக் கோணலோடு சேர்ந்தே வளைந்து போகும். ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் நகம் நுழையும் இடைவெளியோடும் இருந்தால், வேறு பாத்திரத்துக்குச் செய்த பூணை இதில் ஏற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். இடைவெளியை மறைக்க வளையத்தை வெட்டிச் சேர்த்திருந்தால் பற்றவைத்த கோடு உட்புறத்தில் தெரியும்.

பல ஆக்ஸ்பர்க் பூண்களின் ஓரம் இதழ் இதழாகவோ பல் பல்லாகவோ கண்ணாடிமேல் படிந்திருக்கும். இதழ்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கையால் வெட்டியவை சிறிது சிறிது மாறும், நகாசு வேலையின் உளித் தடம் தெரியும். அச்சில் அடித்தவை ஒன்றுக்கொன்று அச்சாக இருக்கும்.

அடுத்து, வளையத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் என்ன இருக்கிறது? பழைய காலத்தில் சுண்ணச் சாந்து, அரக்கு போன்றவற்றை நிரப்பி இறுக்கினார்கள். அது காய்ந்து, அழுக்கேறி, அங்கங்கே உதிர்ந்திருக்கும். கண்ணாடிபோல் தெளிவாகப் பளபளக்கும் பசை நம் காலத்தது. புற ஊதா டார்ச் இருந்தால் அடித்துப் பாருங்கள். நவீனப் பசைகள் பலவும் நீலவெள்ளையாக ஒளிரும். ஒட்டியிருப்பதே குற்றமில்லை. தளர்ந்த பூணை யாரோ நல்லெண்ணத்தோடு ஒட்டியிருக்கலாம். ஆனால் அதை விற்பவர் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது டார்ச்சைப் பாத்திரத்துக்குள் வைத்து, பூணின் ஓரத்தை ஒட்டிச் சுற்றிப் பாருங்கள். வளையத்துக்கு அடியிலிருந்து புறப்படும் விரிசல் சிவப்பில் வெள்ளிக் கம்பிபோல் மின்னும். விளிம்பு சில்லு போனதும், அதைத் தேய்த்துச் சமப்படுத்தி மேலே வெள்ளி வளையம் போடுவது பழைய பழுது முறை. அதுபோலவே கண்ணாடிப் பாதம் உடைந்தால் வெள்ளிப் பாதம் கட்டினார்கள். உடலின் வடிவம் மேலே நிதானமாக விரிந்து, அடியில் சட்டென்று வெட்டுப்பட்டு உலோகத்துக்குள் போவதுபோல் தோன்றினால் அதுதான் நடந்திருக்கும். 18ஆம் நூற்றாண்டில் செய்த இப்படியொரு பழுதை நான் குறையாகவே கருதமாட்டேன். இந்தக் கண்ணாடியை அன்றே எவ்வளவு மதித்தார்கள் என்பதற்கு அது நேரடிச் சான்று.

தேய்மானத்தையும் கவனியுங்கள். மூடி உட்காரும் விளிம்பில் மெல்லிய உரசல், கீலில் சிறு ஆட்டம், பாதத்தின் அடியில் எல்லாத் திசையிலும் ஓடும் பொடிக் கீறல்கள் இருக்க வேண்டும். எல்லாக் கீறலும் ஒரே திசையில் ஓடினால் உப்புத்தாள் வேலை.

படி 6: முத்திரை

வெள்ளிப் பூணில் முத்திரையைத் தேடும் இடங்கள்: பாதத்தின் ஓரம், மூடியின் உள்விளிம்பு, வாய் வளையத்தின் வெளிப்புறம். வழக்கமாக இரண்டு முத்திரைகள் இருக்கும். ஒன்று ஊருடையது, மற்றது பொற்கொல்லருடைய பெயர் எழுத்துகள். ஆக்ஸ்பர்க்கின் முத்திரை பைன் மரக் காய். 1735இலிருந்து அதன் அடியில் ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் சேர்ந்தது. நூரம்பெர்குக்கு N என்ற ஆங்கில எழுத்து, பெர்லினுக்குக் கரடி. அடியில் நெளிநெளியாக ஒரு கீறல் தெரிந்தால் சேதம் என்று நினைக்க வேண்டாம். வெள்ளியின் தரத்தைச் சோதிக்கத் துளி உலோகத்தைச் சுரண்டிய தடம் அது.

12 அல்லது 13 என்ற எண், லோட் என்ற பழைய தர அளவு. 16 லோட் என்றால் சுத்த வெள்ளி, 12 லோட் என்றால் ஆயிரத்தில் 750 பங்கு. பிறைநிலா, மகுடம், 800 என்ற எண் மூன்றும் சேர்ந்திருந்தால் பூண் 1888க்கு முந்தியதாக இருக்கவே முடியாது; ஜெர்மன் பேரரசு முழுமைக்கும் அந்த முத்திரை நடைமுறைக்கு வந்தது அந்த ஆண்டில்தான்.

இதில் ஒரு பெரிய குழி உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹனாவ் நகரப் பட்டறைகள் பழைய பாணி வெள்ளிப் பொருட்களைச் செய்து, பழைய ஊர் முத்திரைகளைப்போலவே தோன்றும் முத்திரைகளையும் அடித்தன. ஆகவே பைன் காயைக் கண்டதும் 1700 என்று துள்ளாதீர்கள். முத்திரை சொல்வதும், படி 5இல் நீங்கள் கண்டதும், பூணின் பாணியும் ஒரே காலத்தைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள்.

பாணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அகாந்தஸ் இலை, பழங்கள், பூக்கள் புடைத்து நின்றால் 17ஆம் நூற்றாண்டின் கடைசி. நாடாக்கள் பின்னிச் செல்லும் மெல்லிய அலங்காரம் 1710 முதல் 1740 வரை. சிப்பி வளைவுகள் அதற்கு அடுத்து. சிங்க முகம், கழுகு, வீரர்கள் என்று எல்லாம் சேர்ந்து கனத்திருந்தால் பெரும்பாலும் 1870க்குப் பிந்திய பழமை மோகம். அல்லிக்கொடியும் நீண்ட கூந்தல் பெண்களும் 1900ஐ ஒட்டியவை.

படி 7: ஏலக் குறிப்பைப் படிப்பது

ஜெர்மன் ஏல அட்டவணைகளில் சில சொற்களை அடையாளம் தெரிந்தால் பணம் மிச்சம். கோல்ட்ரூபின் என்றால் தங்கச் சிவப்பு. கெபைட்ஸ்ட் என்றால் சாயமேற்றியது. ஊபர்ஃபாங் என்றால் மேலடுக்கு. மோன்டீருங் என்பது பூண். ஃபொயர்ஃபெர்கோல்டெட் பாதரச முலாம், ஃபெர்சில்பர்ட் வெறும் வெள்ளி முலாம், ட்சின் வெள்ளீயம். குங்கெல் என்ற பெயரைச் சிலர் கெம்புக் கண்ணாடி எல்லாவற்றுக்கும் சூட்டிவிடுவார்கள். ஆக்ஸ்பர்க் பூண் கொண்டவற்றில் கணிசமானவை தெற்கு ஜெர்மானியக் கண்ணாடி என்பதே இன்றைய ஆய்வாளர்கள் கருத்து. ஆகவே அந்தப் பெயருக்கென்று கூடுதல் பணம் கேட்டால் ஆதாரம் கேளுங்கள்.

விற்பவரிடம் நான்கு படங்கள் கேட்டு வாங்குங்கள்: பகல் வெளிச்சத்தில் வெள்ளைப் பின்னணியோடு ஒன்று, அடிப்பாகம், பூணின் உட்புறம், முத்திரை அருகில். இந்த நான்கைத் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். ஏலத்துக்கு முந்திய பார்வை நாட்களில் நேரில் போக முடிந்தால் இன்னும் நல்லது. அருங்காட்சியகத்தில் கண்ணால்தான் பார்க்கலாம், இங்கே கையில் எடுத்துப் பார்க்க விடுவார்கள். கண்ணைப் பழக்க நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன், லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட், அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகம் ஆகியவற்றின் இணையத் தொகுப்புகளைப் பார்க்கலாம், செலவில்லை.

முதல் பொருளாக 19ஆம் நூற்றாண்டின் சாயச் சிவப்புக் குவளையில் பியூட்டர் மூடி போட்ட ஒன்றை வாங்கச் சொல்வேன். செதுக்கல், கீல், வில்லை, தேய்மானம் எல்லாவற்றையும் அதிலேயே படிக்கலாம், விலையும் கைக்கு எட்டும். தங்கச் சிவப்பும் முலாம் பூசிய வெள்ளியும் அதற்கு அப்புறம்.

படி 8: வீட்டுக்கு வந்த பிறகு

பூண் போட்ட கண்ணாடியைத் தண்ணீரில் முக்காதீர்கள். பூணுக்கும் கண்ணாடிக்கும் இடையில் நீர் புகுந்தால் பழைய சாந்து கரையும், உலோகம் அரிக்கும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடும் எண்ணமே வேண்டாம். மென்மையான தூரிகையால் தூசி தட்டி, லேசாக நனைத்த துணியால் கண்ணாடியை மட்டும் துடைத்து, உடனே உலர்த்துங்கள். முலாம் பூசிய வெள்ளிக்கு மெருகுப் பசை கூடாது, ஒவ்வொரு தேய்ப்பிலும் தங்கம் போகும். பியூட்டருக்கு எலுமிச்சை, புளி, வினிகர் எதுவும் ஆகாது.

கண்ணாடி சில நேரம் வழவழப்பாக வியர்த்ததுபோல் இருந்தால், அல்லது உள்ளுக்குள் மெல்லிய வலைபோல் விரிசல்கள் தெரிந்தால், அது கண்ணாடி நோய். காரச் சத்து மிகுந்து, சுண்ணாம்புச் சத்து குறைந்த பழைய கலவைகளில் இது வரும்; 17ஆம் நூற்றாண்டுக் கண்ணாடியில் அடிக்கடி பார்க்கலாம். குணமாக்க முடியாது, வேகத்தைக் குறைக்கலாம். காற்றின் ஈரப்பதம் ஏறி இறங்காமல் 40 சதவீதத்தை ஒட்டிச் சீராக இருக்க வேண்டும். நம் கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் இது எளிதில்லை. மூடிய கண்ணாடி அலமாரி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள், ஒரு சிறிய ஈரப்பதமானி என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அலமாரிக்குள் சூடாகும் விளக்கு வைக்க வேண்டாம், வெளியிலிருந்து எல்இடி வெளிச்சம் போதும்.

தளர்ந்த பூணை நீங்களே ஒட்டவோ, ஊர் ஆசாரியிடம் கொடுத்துப் பற்றவைக்கவோ செய்யாதீர்கள். பற்றவைக்கும் சூடு பட்டால் கண்ணாடி வெடிக்கும். பழைய பசை, காகித ஒட்டு, ஏல எண் எழுதிய சீட்டு என்று அடியில் எது இருந்தாலும் அப்படியே விட்டு, படம் எடுத்து, வாங்கிய ரசீதோடு சேர்த்து வையுங்கள். அடுத்து இதைச் சோதிக்கப் போகிறவர் தேடுவது அவற்றைத்தான்.